பதின்மூன்று பாகுஸ்

சூசைநாதன் வாத்தியாரிடம் விசேஷ நாளைக்கென்று இரண்டு சாமான்கள் இருந்தன. ஒரு பட்டு வேட்டி, ஒரு மழைப் பாடம். பட்டு வேட்டியை ஜப்பான்காரன் வந்த மூன்றாம் மாதமே அவர் மனைவி ரோசம்மா செமோர் டவுன் கடையில் கொடுத்து அரை மூட்டை அரிசியாக மாற்றிவிட்டாள். மழைப் பாடத்தை எந்தக் கடையிலும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அது மட்டும் மிச்சம் இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் துரை காரில் வருவார். அரை மணி நேரம் உட்காருவார். அந்த அரை மணிக்காகத் தோட்டத்து வாத்தியார்கள் ஆளுக்கொரு பாடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நகை மாதிரி பூட்டி வைத்திருப்பார்கள். அவர்களுக்குள் அதற்குப் 'பெட்டிப் பாடம்' என்று பெயர். எந்தக் கேள்வி, எந்தப் பிள்ளைக்கு, என்ன பதில் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். அண்ணன் பள்ளியை விட்டுப் போகும்போது தன் பதிலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவான்.

சூசைநாதனின் பெட்டிப் பாடம் மழை. மேசைமேல் கரியடுப்பு, அடுப்பின்மேல் கெட்டில். தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும், கிணற்று நீரில் முக்கித் துடைத்த எனாமல் தட்டை ஆவிக்கு நேரே பிடிப்பார். பிறகு மெல்லத் திருப்பிக் காட்டுவார். தட்டில் முத்து முத்தாகத் துளி நிற்கும். நாற்பத்தொரு பிள்ளைகளும் "ஆ!" என்பார்கள். ஆவிதான் மேகம், தட்டுதான் மேலே உள்ள குளிர், துளிதான் மழை. துரை தலையாட்டி ஏட்டில் கையெழுத்துப் போடுவார். கார் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக இந்த மழை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

பள்ளிக்கூடம் செமோரிலிருந்து நாலு மைல் உள்ளே, ஆற்றங்கரைத் தோட்டத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே கூடம். வாத்தியார், தலைமையாசிரியர், மணியடிப்பவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் சூசைநாதனே. அந்த நாலு பேருக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவர் பாடம் நடத்துவதை இன்னொரு வாத்தியார் பார்த்ததும் இல்லை. அவரும் யாருடைய வகுப்பையும் எட்டிப் பார்த்தது கிடையாது. தான் நல்ல வாத்தியார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை, சந்தேகப்பட வேறு ஆள் இல்லாததால்.

ஜப்பான்காரன் வந்து கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரமாக்கினான். வருஷத்தையும் மாற்றினான், 1943 அவன் கணக்கில் 2603. ஒரே ராத்திரியில் தனக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது, அதனால்தான் கால் வீங்குகிறது என்று சூசைநாதன் ரோசம்மாவிடம் சொன்னார். ரோசம்மா சிரிக்கவில்லை. மூன்று மாதமாக மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான் சாப்பாடு. தோட்டத்தில் இரண்டு பேர் இப்படிக் கால் வீங்கித்தான் செத்தார்கள். வாத்தியார் வேட்டியை விட்டுத் தொளதொளவென்ற காக்கிக் கால்சட்டைக்கு மாறினார். ஜப்பான்காரனுக்குப் பிடிக்கும் என்று வெளியில் காரணம் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் ஈப்போவிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஹிராத்தா என்று புதிதாக ஒரு கல்வி அதிகாரி. வரும் சனிக்கிழமை வட்டாரத்தின் மற்றத் தமிழ் ஆசிரியர்கள் பதின்மூன்று பேரும் ஆற்றங்கரைத் தோட்டப் பள்ளியில் கூடவேண்டும். அங்குள்ள ஆசிரியர் ஒரு பாடம் நடத்துவார். மற்றவர்கள் அதைப் பார்த்து, பார்த்ததைச் சொல்லவேண்டும்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பத்துமலை உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாத்தியாரே, ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. பள்ளிக்கூடம் நடக்கிற வரைக்கும் உங்க பேரு தனியா இருக்கு. மூடிட்டாங்கன்னா ஆம்பளைங்க பட்டியலுக்கு வந்துரும். அதுலேருந்துதான் மாசாமாசம் பத்துப் பேர சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பச் சொல்றாங்க. நான் என்ன பண்ண முடியும் லா?"

"நானும் ஒரு ஆம்பளைன்னு இந்தத் தோட்டத்துல ஒருத்தராச்சும் ஒத்துக்கிறீங்களே கிராணி, அது போதும்."

சொல்லிவிட்டு வந்துவிட்டாரே தவிர, வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இதுவரை முப்பத்தாறு பேர் சயாமுக்குப் போயிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு சயாம் என்பது போகிற ஊர் இல்லை.

உத்தரவின் கடைசி வரி மற்ற வாத்தியார்களிடையே வேறு விதமான பயத்தைக் கிளப்பியிருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பான்காரனிடம் ஒருவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அதற்குக் காட்டிக்கொடுப்பது என்றுதான் பெயர். டவுன் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் நாச்சியப்பன் முடிவு எடுத்தார். செட்டிநாட்டுக்காரர், நெற்றி நிறைய திருநீறு, அவர் எடுத்த முடிவை அவரே மாற்ற முடியாது.

"நம்மாளை நாமளே குத்தம் சொல்றதாவது! அவன் என்ன கேட்டாலும் எல்லாரும் ஒரே வார்த்தை, 'பாகுஸ்'. மலாய்ல 'நல்லாருக்கு'ன்னா முடிஞ்சு போச்சு. வந்துருவோம்."

பதின்மூன்று பேரும் தலையாட்டினார்கள். பாசத்தால் எடுத்த முடிவு, யோசித்து எடுத்ததல்ல.

சனிக்கிழமை ஹிராத்தா சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே ஒரு சிப்பாயுடன் வந்து இறங்கினார். அடுப்பில் கரி அப்போதுதான் கண் விழித்திருந்தது. முன்னால் பூச்சாடி வைத்து ஜோடித்த நாற்காலியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின்வரிசைக்குப் போய், சுவரோரம் ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் துரையும் பின்னால் உட்கார்ந்ததில்லை. அவர் பாடம் முன்பக்கம் மட்டும் பார்ப்பதற்காகச் செய்தது.

தொடங்கினார். பயத்தில் வாய் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. கேள்வி கேட்டார், பதில் வந்தது. இன்னொன்று கேட்டார், அவரே பதிலைச் சொன்னார். கெட்டில் இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தது. கைக்கு அது தெரியுமா? பழகிய கை தட்டை எடுத்தது, துடைத்தது, கெட்டில் வாய்க்கு நேரே பிடித்தது, மெல்லத் திருப்பியது.

"பாருங்கள், முத்து முத்தாக!" என்றார் சூசைநாதன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே.

"ஆ!" என்றார்கள் பிள்ளைகள், அவரைப் பார்த்துக்கொண்டே.

பாடம் முடிந்தது. ஹிராத்தா எழுந்து, சுவரோரம் நின்ற பதின்மூன்று பேர் முன்னால் வந்தார். அவருக்குச் சந்தை மலாய் மட்டும் கொஞ்சம் வரும். முதலில் நின்ற நாச்சியப்பனிடம் கேட்டார்:

"ஆப்பா தெங்கோ?" என்ன பார்த்தாய்?

"பாகுஸ், துவான்." நல்லாருக்கு, ஐயா.

அடுத்தவர். "பாகுஸ்." அதற்கடுத்தவர். "பாகுஸ்." தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த நவமணி டீச்சர், "பாகுஸ், பாகுஸ்" என்று தாராளமாக இரண்டு போட்டார். கடைசியில் எல்ஸி டீச்சர். இருபத்தொரு வயது, கான்வென்டில் படித்த பெண். அவள் தரையைப் பார்த்து, "பாகுஸ்" என்றாள்.

ஹிராத்தா மேசைக்குப் போனார். தட்டை எடுத்தார். ஒரு விரலால் அதை மேலிருந்து கீழ்வரை தடவினார். விரலைச் சூசைநாதன் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு பதின்மூன்று பேருக்கும் காட்டினார். அப்புறம் பிள்ளைகளுக்கு.

விரல் உலர்ந்திருந்தது.

கன்னத்தில் அறை விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். விழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஹிராத்தா தன் உடைந்த மலாயில் நிதானமாகச் சொன்னார்: நானும் பள்ளிக்கூட வாத்தியார்தான், சண்டைக்கு முன்னே. உங்கள் பாஷை எனக்குத் தெரியாது. அதனால் பிள்ளைகள் முகத்தைத்தான் பார்த்தேன். இல்லாத தண்ணீரை நாற்பத்தொரு பிள்ளைகள் பார்த்தார்கள். பாஷை தெரிந்த நீங்கள் பதின்மூன்று பேரும் சேர்ந்து பார்த்தீர்கள். அடுத்த சனிக்கிழமை இதே ஆள், இதே பாடம், இதே பதின்மூன்று பேர். ஆளுக்கொன்று, கண்ணால் பார்த்தது ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு மாதிரியே நடந்தால் இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம். இந்த வாத்தியாரும் வேண்டாம்.

கார் போனதும் கூடத்தில் யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ரோசம்மா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும், மக்காச்சோளத்தைக் கருக வறுத்துப் போட்ட காப்பியையும் கொண்டுவந்து வைத்தாள். பால் இல்லை, சீனி இல்லை. காப்பியும் இல்லை என்று சொல்லலாம்.

"என்னாலதான் இது," என்றார் நாச்சியப்பன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. "தட்டுல ஒண்ணும் இல்லைன்னு நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

"நானுந்தான்," என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. பதின்மூன்று பேரும் பார்த்திருந்தார்கள். பார்க்காதவர் தட்டைப் பிடித்திருந்தவர் மட்டும்தான்.

எல்ஸி மெதுவாகக் கேட்டாள். "சூசை அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா. நீ பிறந்தப்ப நான் பாடம் நடத்திக்கிட்டிருந்தேன். தாராளமா சொல்லு."

"கோவிச்சுக்கிட்டீங்க."

"இல்லம்மா, இது என் சாதாரண குரல்."

"சரி. நீங்க கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடுறீங்க. நான் எண்ணுனேன். பதினேழு கேள்வி. பிள்ளைங்க பதில் சொன்னது அஞ்சு. அந்த அஞ்சும் முன்வரிசைதான்."

சூசைநாதன் காப்பியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷம், நாலு துரைகளின் கையெழுத்து, மூன்று பாராட்டுத் தாள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. வெளியே வருவதற்குள் எல்ஸி அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஹிராத்தா பக்கத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்துச்சே. எல்லாரும் தட்டப் பார்த்து 'ஆ'ன்னாங்க. அது மட்டும் வாயே திறக்கல. கெட்டில் வாயையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அது பேரு என்ன அண்ணே?"

"அதுவா? அது... நாலாவது லயத்து... சயாமுக்குப் போனானே, அவன் மக..."

பெயர் வரவில்லை. நெற்றியைத் தடவினார். மூன்று வருஷமாகத் தினமும் பெயர் கூப்பிட்டு ஏட்டில் குறிக்கும் பிள்ளை. வாய் கூப்பிட்டிருக்கிறது, அவர் கூப்பிட்டதில்லை.

"வீரம்மா," என்றாள் ரோசம்மா, அடுப்படியிலிருந்து.

அதற்குப் பிறகு சூசைநாதனுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு உட்கார உள்ளே இடம் இல்லாமல் போய்விட்டது.

"வேற என்ன? சொல்லுங்க எல்லாரும். ஒருத்தரையும் விடாம சொல்லுங்க."

"இரண்டாவது வரிசையத் தாண்டி நீங்க போகவே இல்லண்ணே," என்றார் நவமணி. "மேசைய புடிச்சுக்கிட்டே நின்னீங்க."

சூசைநாதன் குனிந்து காக்கிக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தி எடுத்தார். விரல் அமுங்கிய குழி அப்படியே நின்றது.

"இதுல தண்ணி இருக்கு," என்றார். "தட்டுல மட்டும்தான் இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. நவமணி டீச்சரின் கணவர் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். அங்கிருந்து வருகிறேன் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவான் என்று நவமணியே சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர் எழுந்து வந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா? மூணு மாசமா? அறிவு இருக்கா அண்ணே? எங்கூட்டுக்காரரு தினம் பார்க்கிறாரு. இதுக்கு மருந்து அரிசித் தவிடு. பச்சப் பயறு கிடைச்சா அதுவும். நாளைக்கே மில்லுலேருந்து கொண்டாரேன். தினம் ரெண்டு வேளை கஞ்சில கலந்து குடிங்க."

"தவிடா? கோழிக்குப் போடுறதா? நான் என்ன கோழியா?"

"கோழின்னா முட்டையாச்சும் போடும்," என்றாள் ரோசம்மா.

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் ஏதோ ஒன்று இளகியது. நவமணி மற்றவர்கள் பக்கம் திரும்பி, "யாருக்கெல்லாம் கால் வீங்குது? மறைக்காம காட்டுங்க" என்றார். மூன்று பேர் கால்சட்டையைச் சுருட்டினார்கள். நாலாவதாக, யாரும் எதிர்பார்க்காமல், நாச்சியப்பன் வேட்டியைத் தூக்கினார்.

"அண்ணே, நீங்களுமா!" என்றார் நவமணி.

"தலைமையாசிரியர் காலு வீங்கக் கூடாதுன்னு உத்தரவு ஏதும் இருக்கா?" என்றார் நாச்சியப்பன். "என் பெட்டிப் பாடமும் பதினோரு வருஷம் பழசுதான். திசைகள். என் பள்ளிக்கூடத்துல கரும்பலகை இருக்கிற பக்கந்தான் கிழக்கு, சூரியன் எங்க உதிச்சாலும். நீ ஒண்டியாள்னு நெனைக்காத சூசை. ஒரு வாரம் இருக்கு. தினம் ஒருத்தர் வந்து பின்னால உட்காருவோம்."

டோக்கியோ நேரத்தால் ஒரு புண்ணியம் உண்டு. பள்ளிக்கூடம் விடும்போது வெயில்கூட உச்சிக்கு வந்திருக்காது. தங்கள் பள்ளியை மூடிவிட்டு அவர்கள் சைக்கிளில் வந்தார்கள். அதுவரை சூசைநாதன் தன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவில்லை. ரப்பர் காட்டுக்கு நடுவே டயருக்குப் பஞ்சம். சக்கரத்தில் தோட்டத்து ரப்பர் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். அந்தச் சைக்கிள் வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும். சத்தம் கேட்டதும் சூசைநாதனின் கை சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நாற்பத்தேழு வயதில் கற்றுக்கொண்டார்.

முதல் நாள் பிள்ளைகளிடம், "மழைப் பாடத்தில் மனப்பாடம் பண்ணியதையெல்லாம் மறந்துவிடுங்கள்" என்றார். "மறந்துவிடுகிறோம் ஐயா!" என்று நாற்பத்தொரு குரல் ஒரே தாளத்தில் வந்தது. அதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

வெறும் தட்டைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டால், "துளி ஐயா" என்றார்கள். தொட்டுப் பார் என்றார். தொட்டுவிட்டு, "துளி ஐயா" என்றார்கள். அன்றைக்கு வந்திருந்த எல்ஸி பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்கண்ணே," என்றாள் வகுப்பு முடிந்ததும். "பத்து வரைக்கும் வாயத் திறக்காதீங்க."

"மூணு எண்ணுறதுக்குள்ள நாக்கு அரிக்குது எல்ஸி."

"அரிக்கட்டும். கடிச்சுக்கங்க."

கடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் ஆறு வரை எண்ண முடிந்தது. ஏழாவதில் ஒரு பையன், இதுவரை வாய் திறக்காதவன், "தட்டு காஞ்சிருக்கு ஐயா" என்றான், ஏதோ திட்டு வாங்கப்போகிறவன் மாதிரி. சூசைநாதன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பயந்தே போனான். வாத்தியார் கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் நாச்சியப்பன் வந்து, "நீ கரும்பலகையோட பேசுற சூசை, திரும்பிப் பேசு" என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போனார். நவமணி வந்த நாளில் பாடத்தைப் பாதி பார்த்தார், கஞ்சிப் பாத்திரத்தை முழுசாகப் பார்த்தார்.

தவிட்டுக் கஞ்சி தொண்டையில் மரத்தூள் மாதிரி இறங்கியது. ஆனால் வியாழக்கிழமை காலை கட்டைவிரலால் அழுத்தினால் குழி பாதிதான் விழுந்தது. வெள்ளிக்கிழமை அவர் மேசையை விட்டார். இரண்டாவது வரிசையைத் தாண்டினார். மூன்று, நாலு, ஐந்து. பின்சுவர் வரை போனார். அங்கிருந்து தன் வகுப்பைப் பார்த்தார். அப்பா, எவ்வளவு தூரம்! இங்கிருந்து கெட்டில் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. இங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இத்தனை வருஷமாக எதைப் பார்த்து 'ஆ' சொன்னார்கள்?

அன்றைக்கே மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். பெஞ்சுகளைச் சுற்றிப் போட்டார். இப்போது வகுப்புக்குப் பின்வரிசையே இல்லை.

சனிக்கிழமை ஹிராத்தா வந்து நின்று, சுற்றிப் போட்ட பெஞ்சுகளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வீரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பதின்மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். கிராணி பத்துமலை ஜன்னலுக்கு வெளியே, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் பட்டியல் இருந்தது.

சூசைநாதன் அவசரப்படவில்லை. தட்டைச் சுற்றுக்கு விட்டார். "காஞ்சிருக்கு," "காஞ்சிருக்கு" என்று கை மாறி வந்தது. கெட்டில் கொதிக்கும்வரை சும்மா நின்றார். வகுப்பில் சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று சம்பளம் வாங்கிய காலத்தில் அவருக்குத் தெரியாது. ஆவி புசுபுசுவென்று வந்தது. தட்டைப் பிடித்தார். திருப்பினார். இந்தத் தடவை தானும் பார்த்தார். துளிகள். உண்மையான துளிகள். ஒரு பிள்ளை அதைத் தொட்டு நக்கிப் பார்த்தது.

"வேறு யாருக்காவது வேறு ஏதாவது தெரிகிறதா?"

ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் பேசவில்லை. ஆறு. ஏழு. ஜன்னலில் பத்துமலை வியர்வையைத் துடைத்தார். ஒன்பது.

"ஐயா," என்றாள் வீரம்மா.

"சொல்லு வீரம்மா."

"கெட்டிலு வாய்க்கிட்ட ஒண்ணுமே இல்லைங்க ஐயா. வெள்ளப் புகை கொஞ்சம் தள்ளித்தான் வருது. நடுவுல சும்மா இருக்கு. ஏங்க ஐயா?"

சூசைநாதன் குனிந்து பார்த்தார். கெட்டில் வாயிலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. அதற்கு அப்பால்தான் வெள்ளை ஆவி தொடங்கியது. இருபத்திரண்டு வருஷம், நூறு தடவை இந்தக் கெட்டிலைக் கொதிக்க வைத்திருக்கிறார். ஒருநாள்கூட அந்த இடைவெளியைப் பார்த்ததில்லை. சுவரோரம் பதின்மூன்று கழுத்துகள் நீண்டன. அவர்களும் பார்த்ததில்லை.

பெட்டியில் இதற்குப் பதில் இல்லை. பழைய சூசைநாதனாக இருந்தால், "அதிகப் பிரசங்கம் பண்ணாதே, உட்கார்" என்றிருப்பார். நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. சயாம் ஒருமுறை கண்முன் வந்து போனது.

"எனக்குத் தெரியல வீரம்மா," என்றார்.

ஒரு வாத்தியார் வாயிலிருந்து அந்தப் பிள்ளைகள் இதுவரை கேட்டிராத சொல்.

"எனக்குத் தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்லுங்க பார்ப்போம்."

ஐந்து கைகள் எழுந்தன. எல்லாம் வேறு வேறு இடத்திலிருந்து. "அந்த வெறும் இடத்துல தட்ட வச்சுப் பாக்கலாம் ஐயா!" "துணியால புடிச்சுக்கங்க ஐயா, சுடும்!" வீரம்மாவே எழுந்து வந்து, தட்டைத் துடைத்து, துணி சுற்றிய கையால் அந்த இடைவெளியில் நீட்டினாள். ஒன்றுமில்லாத காற்றில். ஒரு நொடி. தட்டு நனைந்தது. முத்து முத்தாக இல்லை, வழிந்தே ஓடியது.

யாரும் 'ஆ' சொல்லவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அங்கேயும் தண்ணி இருக்கு. அப்ப ஏன் தெரியல? கண்ணுக்குத் தெரியாத தண்ணி. அப்ப வெள்ளையா தெரியுறது என்ன? அது குட்டிக் குட்டித் துளி ஐயா, குளிர்ந்து ஏற்கெனவே மழையாயிடுச்சு! ஒரு பையன் பெஞ்சுமேல் ஏறி நின்று, "அப்ப இந்த ரூமு முழுக்கத் தண்ணி இருக்கு, நமக்குத்தான் தெரியல!" என்று கத்தினான். சூசைநாதன் அவனை இறங்கச் சொல்லவில்லை.

ஹிராத்தா எழுந்து வந்தார். கூடம் சட்டென்று அடங்கியது. அவர் இடுப்பில் தொங்கிய கத்தியைப் பின்னால் தள்ளிவிட்டு, மேசை முன் முழங்காலை மடித்து உட்கார்ந்து, கெட்டில் வாயைப் பக்கவாட்டில் நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து பதின்மூன்று பேரிடம் வந்தார்.

"ஆப்பா தெங்கோ?"

நாச்சியப்பன் நிமிர்ந்தார். "வாத்தியார் கேள்வி கேட்டு ஒன்பது எண்ணும்வரை பேசாமல் இருந்தார், துவான்." நவமணி, "பேசாமல் இருந்த பெண் பேசியது. அதோடு, வாத்தியாருக்கு இன்றைக்குக் காலில் வலி இல்லை." இன்னொருவர், "இடது பக்கத்து இரண்டு பிள்ளைகளை இன்னும் கூப்பிடவில்லை." அது குற்றம்தான். ஆனால் சொன்னவர் நடுங்கவில்லை, கேட்ட சூசைநாதனும் சுருங்கவில்லை. தலையாட்டினார், அடடா உண்மைதானே என்பது போல. பதின்மூன்று பேர், பதின்மூன்று விஷயம். ஒன்று மற்றதைப் போல இல்லை. கடைசியில் எல்ஸி, "தெரியாது என்று சொன்னார்" என்றாள். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

ஹிராத்தா பையிலிருந்து முத்திரையை எடுத்து, உத்தரவுத் தாளில் ஒரு குத்து குத்தி, மேசைமேல் வைத்தார். வெளியேறினார். போகும்போது சிப்பாய் ரோசம்மாவின் இரண்டு கோழிகளையும் பிடித்துக் காரில் போட்டுக்கொண்டான். வந்தவன் யார் என்பது யாருக்கும் மறந்துவிடக் கூடாது அல்லவா.

பத்துமலை ஜன்னல் வழியே கையை நீட்டி முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். மை இன்னும் ஈரமாக இருந்தது. "வாத்தியாரே, பள்ளிக்கூடம் இருக்கு லா!" என்று கத்திக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பக்கம் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ரோசம்மா கோழி போன பக்கம் இரண்டு வசவு அனுப்பிவிட்டு உள்ளே வந்து, கணவரைப் பார்த்தாள். தோளில் இருந்த கரித்தூளைத் தட்டிவிட்டாள். இருபது வருஷத்தில் கூட்டத்துக்கு நடுவே அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சூசைநாதன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் பின்னால் சண்டை தொடங்கிவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை எங்க பள்ளிக்கூடம்," என்றார் நாச்சியப்பன். "என் திசைப் பாடத்தைக் கிழிச்சுப் போடுங்க. எனக்கும் தெரியணும்."

"அதெப்படி அண்ணே? நாந்தான் முன்னாடியே சொல்லி வச்சேன், தஞ்சோங் ரம்புத்தான்தான் அடுத்தது."

"எப்ப சொன்ன? நான் கேக்கலியே?"

"மனசுக்குள்ள சொன்னேன்!"

"ஹிராத்தா உத்தரவு போடல, யாரும் கூப்பிடல, இவங்க பாட்டுக்கு..." என்று யாரோ ஆரம்பித்தார். அதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் தங்கள் வகுப்பில் எத்தனை கோளாறு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சூசை அண்ணே, நீங்க சொல்லுங்க," என்றாள் எல்ஸி. "யாரு வகுப்புக்கு முதல்ல வாரீங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். இன்னொருவர் பாடத்தைப் பார்க்க வாருங்கள் என்று சூசைநாதனை யாரும் அழைத்ததே கிடையாது. இப்போது ஒரே நேரத்தில் பதின்மூன்று அழைப்பு.

"எல்லாருக்கும் வாரேன்," என்றார். "ஆனா கண்ணுல பட்டத அப்படியே சொல்லுவேன். அப்புறம் அழக்கூடாது."

"நாச்சியப்பண்ணே அழுவாரு," என்றார் நவமணி.

"நான் ஏன் அழுவுறேன்? நீதான் அழுவ!"

சூசைநாதன் ஒரு சாக்கட்டியை எடுத்து, கரும்பலகையில் பதின்மூன்று பள்ளிகளின் பெயரையும் வரிசையாக எழுதத் தொடங்கினார், எல்லாரையும் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டே. எழுத்து கோணல்மாணலாக வந்தது.